ஓபோ சீவாளி: குறுஞ்சீவலிலிருந்து நீள்சீவலுக்கு மாறும்போது சுருதி ஏன் இறங்கிவிடுகிறது?

கேள்வி

வணக்கம். நான் ஓபோ என்ற, இரட்டை நாணல் இதழ்களாலான சீவாளி வைத்து ஊதும் மேற்கத்திய ஊதுகருவியை வாசிக்கத் தொடங்கி எட்டு ஆண்டுகள் ஆகின்றன. கடைசி நான்கு ஆண்டுகளாக எனக்கு வேண்டிய சீவாளிகளை நானே கட்டிச் சீவிக்கொள்கிறேன். முதல் ஆசிரியரிடம் நான் கற்றது ஐரோப்பியக் குறுஞ்சீவல்; அதாவது, நுனியிலிருந்து சுமார் 11 மில்லிமீட்டர் வரை மட்டும் பட்டையை நீக்கி, அங்கிருந்து நுனியை நோக்கிச் சீரான சரிவாக இறக்கிவிட்டு, அதற்குக் கீழே நூல்கட்டு வரை உள்ள நாணலைப் பட்டையோடு அப்படியே விட்டுவிடும் முறை. முடிந்த சீவாளியின் மொத்த நீளம் 72 மில்லிமீட்டர். அதில் நாணலைக் கட்டும் குழாயான ஸ்டேபிள் 47 மில்லிமீட்டர்.

ஆறு மாதங்களுக்கு முன் ஆசிரியர் மாறினார். இப்போது கற்றுத்தருபவர் அமெரிக்க நீள்சீவலில் வாசிப்பவர். அவர் எனக்கென்று செய்துகொடுத்த சீவாளியை ஊதிப் பார்த்தபோது, உதட்டை இறுக்காமலேயே சுருதி அசையாமல் நின்ற விதம் என்னை மிகவும் கவர்ந்தது. ஆகவே நானும் அம்முறையைக் கற்க முடிவு செய்தேன்.

ஸ்டேபிளில் நாணலை வைத்து நூல் கட்டி, இன்னும் சீவாமல் உலர வைத்திருந்த பன்னிரண்டு கட்டுகளில் ஐந்தை எடுத்து, அவரிடம் பார்த்தபடியே மெல்லிய நுனி, அதற்குப் பின்னால் ஹார்ட் எனப்படும் தடித்த பகுதி, அதற்கும் பின்னால் பட்டையை நீக்கி நூல்கட்டின் அருகே வரை நீளும் இரண்டு ஜன்னல்கள் என்று சீவினேன். ஐந்தும் ஒரே விதமாகக் கெட்டுப்போயின. ஜன்னல்களைத் திறக்கும் வரை ஓரளவு நன்றாகவே இருக்கிறது. திறந்தவுடன், ஓபோவில் பொருத்தாமல் வெறும் சீவாளியை ஊதும்போது எழும் குரோ, சியிலிருந்து நழுவி பி ஃபிளாட் வரை இறங்கிவிடுகிறது. ஓபோவில் பொருத்தினால் இரண்டாம் ஸ்தாயியின் ஜி தொங்குகிறது. உதட்டால் தூக்கிப் பிடித்தால்தான் நிற்கிறது. சுருதியை ஏற்றலாம் என்று நுனியை நறுக்கினால், சுருதி ஏறுவதற்கு முன்பே நாதம் கடுமையாகி, மெல்ல ஊதினால் பேச மறுக்கிறது.

இரண்டு முறைகளுக்கும் உள்ள வேறுபாடு சீவும் பரப்பின் நீளம் மட்டும்தானா, அல்லது நான் கவனிக்காமல் விட்ட வேறு ஏதேனும் இருக்கிறதா? நீள்சீவல் கருத்த நாதத்தையும் குறுஞ்சீவல் பளிச்சென்ற நாதத்தையும் தரும் என்று பலரும் சொல்கிறார்கள். உங்கள் அனுபவத்தில் அது உண்மையா? இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டா? மீதமிருக்கும் ஏழு கட்டுகளையும் வீணாக்கிவிடுவதற்கு முன் கேட்டுவிட விரும்புகிறேன்.

பதில் 1

நான் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நீள்சீவலில் செய்து வருகிறேன். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், பிழை உங்கள் கத்தியில் இல்லை. நூல் கட்டிய அன்றே அது நடந்துவிட்டது.

குறுஞ்சீவலில் இதழின் பெரும்பகுதி பட்டையோடு நிற்கிறது. நாணலில் மிகவும் கெட்டியான பாகம் அந்தப் பட்டையும் அதை ஒட்டிய அடுக்கும்தான். உங்கள் அளவுப்படி நூலுக்கு மேல் 25 மில்லிமீட்டர் நாணல் இருக்கிறது. அதில் 14 மில்லிமீட்டர் முழு வலிமையோடு நின்று சீவாளி வாயின் திறப்பையும் சுருதியையும் தாங்குகிறது. அப்படித் தாங்குவதால்தான் அங்கே அகலமான வடிவத்தையும் அதிக நீளத்தையும் பயன்படுத்த முடிகிறது. அதே கட்டில் நீங்கள் ஜன்னல்களைத் திறக்கும்போது தூணை எடுத்துவிட்டுக் கூரையை மட்டும் விட்டுவைக்கிறீர்கள். அதிரும் பரப்பு நீள்கிறது, இதழ் தளர்கிறது, உள்ளே இருக்கும் காற்றின் கொள்ளளவோ அகல வடிவத்துக்குரியதாக அப்படியே இருக்கிறது. இவை மூன்றும் சுருதியைக் கீழேதான் இழுக்கும். பி ஃபிளாட் வந்ததில் வியப்பில்லை.

நீள்சீவலுக்கு நான் கட்டுவது இதழின் அகலம் 6.8 மில்லிமீட்டரை ஒட்டிய குறுகலான வடிவம். நாணலை அந்த வடிவத்தில் வெட்ட உதவும் ஐரோப்பிய வடிவ அச்சுகள் பெரும்பாலும் 7 மில்லிமீட்டருக்கு மேல் போகும். எண்ணாகப் பார்க்கும்போது கால் மில்லிமீட்டர் என்பது ஒன்றுமில்லாததுபோல் தோன்றும். வாயில் வைத்தவுடன் அது சுருதியில் தெரிந்துவிடும். முடிந்த சீவாளி 70 மில்லிமீட்டரில், சில நாட்களில் 69.5 மில்லிமீட்டரில் நிற்கும். அந்த 70க்குள் நான் பங்கிடுவது இப்படி: நுனி ஏறக்குறைய 4, ஹார்ட் 4, ஜன்னல்கள் 11, நூலுக்கு மேலே சீவாமல் விடும் பட்டை 4. ஜன்னல்களுக்கு நடுவே பட்டையோடு ஒரு நடுத்தண்டும், இரு பக்கங்களிலும் மெல்லிய ஓரங்களும் நிற்க வேண்டும். குறுஞ்சீவலில் முழுப் பட்டையும் செய்த வேலையை இங்கே அந்த மூன்று கீற்றுகளே செய்கின்றன. முதன்முதலில் நீள்சீவல் செய்பவர்கள் ஜன்னலைச் சீவும்போது தங்களை அறியாமலேயே ஓரத்தையும் சீவிவிடுவார்கள். உங்கள் ஐந்து சீவாளிகளையும் பக்கவாட்டில் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். விளிம்பில் பட்டையின் பளபளப்பு இல்லையென்றால் அங்கேயும் கொஞ்சம் சுருதி போயிருக்கிறது.

நறுக்கினால் ஏன் கடுமையாகிறது என்று கேட்டிருந்தீர்கள். நீள்சீவலில் நுனிக்கும் ஹார்ட்டுக்கும் இடையே ஒரு படி இருக்கிறது. குறுஞ்சீவலைப்போல ஒரே சரிவு கிடையாது. 4 மில்லிமீட்டர் நுனியில் 1 மில்லிமீட்டரை நறுக்கினால் பேசும் பகுதியில் கால் பங்கை எறிந்துவிட்டீர்கள் என்று பொருள். தடித்த ஹார்ட் உதட்டுக்கு அருகே வந்துவிடும். ஒவ்வொரு முறை நறுக்கிய பிறகும் அந்தப் படியைப் பின்னுக்குத் தள்ளி நுனியை மீண்டும் மெலிதாக்க வேண்டும். நான் ஒரு முறைக்குக் கால் மில்லிமீட்டருக்கு மேல் நறுக்குவதே இல்லை.

இந்தச் சீவல் எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் அதன் நோக்கமும் விளங்கும். மார்செல் தபுத்தோ பாரிஸ் கன்சர்வத்வாரில் ஜார்ஜ் ஜிலேயிடம் பிரெஞ்சு முறையில் பயின்றவர். 1915 முதல் 1954 வரை பிலடெல்பியா இசைக்குழுவின் முதல் ஓபோவாக இருந்தவர். 1924 முதல் கர்ட்டிஸ் இசை நிறுவனத்தில் கற்றுக்கொடுத்தவர். இசைக்குழுவில் மற்றக் கருவிகளோடு கலந்து நிற்கும், மெல்லிய ஒலியிலும் அடர்த்தி குறையாத நாதத்தைத் தேடித்தான் அவர் பின்பகுதியையும் சீவத் தொடங்கினார். அவருடைய மாணவர்கள் வழியே அது ஒரு நாட்டின் பாணியாகவே ஆகிவிட்டது. ஆக, நீள்சீவல் என்பது பின்னால் கூடுதலாகக் கொஞ்சம் சீவிய பிரெஞ்சுச் சீவாளி என்று நினைத்துவிடாதீர்கள். வடிவம், நீளம், சீவல், ஊதும் விதம் ஆகிய எல்லாமே ஒன்றுக்கொன்று இசைந்து மாறிய ஒரு முழு ஏற்பாடு அது.

எனவே ஏழு கட்டுகளையும் உங்கள் பழைய முறையிலேயே முடித்து வாசியுங்கள். நீள்சீவலுக்குக் குறுகலான வடிவத்தில் புதிதாகக் கட்டுங்கள்.

பதில் 2

முந்தைய பதிலில் அளவுகளைப் பற்றிச் சொன்னதை நான் ஏற்கிறேன். ஆனால் குறுஞ்சீவல் என்று ஒரே ஒரு முறை இருப்பதைப்போலப் பேசப்படுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆகையால் அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல அனுமதியுங்கள்.

சீவத் தொடங்கும் கோடு இதழின் மேல் எந்த உருவில் இருக்கிறது என்பதைக் கொண்டே யு, வி, டபிள்யூ என்று பெயரிடுகிறோம். யு சீவலில் கோடு வளைவாக ஓடுவதால் நடுவும் பக்கங்களும் ஏறக்குறைய ஒரே ஆழத்திலிருந்து சரியத் தொடங்குகின்றன. வி சீவலில் நடு மட்டும் நூலை நோக்கிக் கூராக இறங்குகிறது, பக்கங்களில் அதிக நாணல் தங்குகிறது. டபிள்யூ சீவலில் நடுவில் பட்டையின் ஒரு நாக்கு மேலே ஏறி நிற்க, அதன் இரு பக்கங்களும் கீழே இறங்குகின்றன. அதை உற்றுப் பாருங்கள்: நடுத்தண்டும் இரண்டு சிறிய ஜன்னல்களும் அங்கேயே இருக்கின்றன. நீங்கள் கேட்ட நடுவழி அதுதான். இதற்காக வடிவ அச்சையோ ஸ்டேபிளையோ மாற்ற வேண்டியதில்லை. உங்கள் ஏழு கட்டுகளில் இரண்டை எடுத்து, 11 மில்லிமீட்டர் யு சீவலை முடித்துவிட்டு, நடுவைத் தொடாமல் இரு பக்கங்களிலும் மட்டும் 2 மில்லிமீட்டர் கீழே இறங்கிப் பாருங்கள். கீழ் ஸ்வரங்களுக்கு ஒரு வெதுவெதுப்பு வரும். சுருதி அதிகம் அசையாது.

கருத்த நாதம், பளிச்சென்ற நாதம் என்ற பிரிவினையை நான் ஏற்கவில்லை. பல ஆண்டுகள் குறுஞ்சீவலில் வாசித்து வருகிற எனக்கு, அறையின் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்பவர்கள் நாதம் கருத்திருக்கிறது என்று சொன்ன நாட்களும் உண்டு; அதே சீவாளியைப் பற்றி அருகில் நின்றவர்கள் பளிச்சென்று இருக்கிறது என்று சொன்ன நாட்களும் உண்டு. நான் காணும் உண்மையான வேறுபாடு வேறு இடத்தில் இருக்கிறது. நிலைத்தன்மையை யார் சுமப்பது என்பதே அது. நீள்சீவலில் சுருதியின் பெரும்பகுதி சீவாளிக்குள்ளேயே கட்டிவைக்கப்படுகிறது. வாசிப்பவர் உதட்டைத் தளர்த்தி மெத்தைபோல் வைத்துக்கொண்டு காற்றைச் செலுத்தினால் போதும். குறுஞ்சீவலில் சீவாளி ஒரு பங்கை உதட்டிடமும் மூச்சிடமும் விட்டுவிடுகிறது. அதனால் ஒரு ஸ்வரத்தை வளைக்கவும், ஒரே சொற்றொடருக்குள் நாதத்தின் நிறத்தை மாற்றவும், விப்ரேட்டோவைப் பெரிதாக்கவும் இடம் கிடைக்கிறது. அந்தச் சுதந்திரத்துக்கு உதடுகள் உழைக்க வேண்டும். நான்கு ஆண்டுகளாக உங்கள் உதடுகள் அந்த உழைப்பைச் செய்து பழகியிருக்கின்றன.

இதனால் உங்களுக்கு ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டியிருக்கிறது. சரியாகச் சீவப்பட்ட நீள்சீவல் சீவாளியை உங்கள் பழைய உதட்டுப் பிடிப்போடு ஊதினால் சுருதி ஏறும், திறப்பு மூடிக்கொள்ளும். உடனே சீவாளி சரியில்லை என்று கத்தியை எடுத்துவிடுவீர்கள். ஒவ்வொரு புதிய சீவாளியையும் உங்கள் ஆசிரியர் ஒருமுறை ஊதிக் காட்டிய பிறகே திருத்துங்கள்.

குரோவைப் பற்றி ஒன்று. சீவாளியைத் தனியே ஊதினால் சி இரண்டு ஸ்தாயிகளில் சேர்ந்து ஒலிக்க வேண்டும் என்பது நீள்சீவலுக்கான சோதனை. அதைக் குறுஞ்சீவலின் மேல் அப்படியே திணிக்கக் கூடாது. என் சீவாளிகள் பலவற்றின் குரோ சியில் நிற்பதே இல்லை. ஓபோவில் பொருத்தினால் ஏ 440 அசையாமல் வருகிறது. வியன்னா பில்ஹார்மோனிக்கில் வாசிக்கப்படும் வியன்னா ஓபோவுக்கோ உட்துளையும் விரலிடும் முறையும் வேறு. அதற்குச் சீவாளியும் வேறு. கருவியைச் சொல்லாமல் சீவாளியைப் பற்றி மட்டும் பேசுவதில் பயன் குறைவு.

கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் மிக்க நன்றி. பக்கவாட்டில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஐந்தில் நான்கில் ஓரப் பட்டை முற்றிலும் போயிருக்கிறது. ஐந்தாவதில் ஓரம் இருக்கிறது, ஆனால் நடுத்தண்டு ஒரு பக்கம் சாய்ந்து சீவப்பட்டிருக்கிறது. என் வடிவ அச்சின் அகலம் 7.2 மில்லிமீட்டர் என்பதையும் இப்போதுதான் அளந்து பார்த்தேன். இத்தனை நாள் அதைக் கேள்வியின்றிப் பயன்படுத்தி வந்திருக்கிறேன். 6.8 அச்சு ஒன்றுக்குச் சொல்லியிருக்கிறேன். அது வரும் வரையில் கத்தியைப் பிடிக்கும் முறையில் ஏதேனும் மாற்ற வேண்டுமா?

பதில் 3

நான் இரண்டு முறைகளிலும் சீவுகிறேன். மற்றவர்களுக்கும் செய்து தருகிறேன். எனவே கை வேலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

குறுஞ்சீவலில் கத்தி பெரும்பாலும் ஒரே திசையில், சரிவின் தலையிலிருந்து நுனி வரை ஓடுகிறது. நீண்ட, சீரான இழுப்பு. நீள்சீவலில் ஒவ்வொரு பகுதிக்கும் கத்தி வேறுவிதமாக நடக்க வேண்டும். ஜன்னலில் கத்தியின் அழுத்தம் நடுத்தண்டுக்கும் ஓரத்துக்கும் இடையே உள்ள குறுகிய தடத்தில் மட்டும் விழ வேண்டும். ஆகவே இதழின் வளைவுக்கு ஏற்பச் சீவாளியை விரலில் சற்று உருட்டிக்கொள்ள வேண்டும். இதழைத் தட்டையாக வைத்துச் சீவினால், வளைவின் உச்சியில் இருக்கும் நடுத்தண்டுதான் முதலில் போகும். உங்கள் ஐந்தாவது சீவாளியில் நடந்தது அதுவே. நுனியிலோ கத்தி நேராகப் போகாமல் இரு மூலைகளையும் நோக்கிச் சாய்வாக விலகிப் போக வேண்டும். நுனியின் நடுவைவிட மூலைகள் மெலிதாக இருந்தால்தான் மெல்ல ஊதும்போது சீவாளி உடனே பேசும். அந்த மூலைகள் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும். அங்கே ஒரே ஓர் அழுத்தமான இழுப்பு போதும், இதழ் கிழிந்துவிடும்.

இதற்குக் கத்தியின் கூர்மை எல்லாவற்றையும்விட முக்கியம். மழுங்கிய கத்தி நாணலைச் சீவாது; நார்களை நசுக்கி அழுத்தும். அன்று மாலை நன்றாக ஊதிய சீவாளி மறுநாள் நீரில் நனைத்தவுடன் வீங்கித் தடித்துவிடுகிறது என்று குறை சொல்பவர்களில் பலர் சீவவில்லை, நசுக்கியிருக்கிறார்கள். எனக்கு ஒரு வழக்கம் உண்டு. கத்தியிலிருந்து விழுவதைப் பார்ப்பேன். மெல்லிய தூளாக, மாவுபோல உதிர்ந்தால் கத்தி சரியாக இருக்கிறது. எதுவும் உதிராமல் இதழ் மட்டும் பளபளத்தால் சாணைக்கல்லை எடுக்க வேண்டும்.

பதில் 1 எழுதியவர் குடைவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதை நான் சேர்க்க விரும்புகிறேன். நாணல் பட்டையிலிருந்து உள்ளே போகப் போக மென்மையாகிறது. குடையும்போது உட்புறத்தை நீக்குகிறோம், சீவும்போது வெளிப்புறத்தை நீக்குகிறோம். ஆக, நுனியில் எஞ்சி நிற்பது குடைந்த துண்டின் உட்பக்க நாணல்தான். நடுவில் 0.60 மில்லிமீட்டர் தடிமன் எஞ்சும்படி குடைந்த நாணலின் நுனி, 0.56 குடைந்ததன் நுனியைவிடப் பட்டையிலிருந்து தள்ளி இருப்பதால் மென்மையானது. நீள்சீவலில் நுனி தனியாக நின்று பேசுவதால் இந்தச் சிறு வேறுபாடு காதில் விழுகிறது. நான் நீள்சீவலுக்கு நடுவில் 0.58 முதல் 0.60 வரையும், பக்கங்களில் 0.45 அளவிலும் குடைந்த நாணலைப் பயன்படுத்துகிறேன். நாணல் குழாயின் விட்டம் 10 முதல் 10.5 மில்லிமீட்டருக்குள் இருந்தால் திறப்பு அளவோடு அமைகிறது. விட்டம் குறையக் குறைய இதழின் வளைவு கூடித் திறப்பு பெரிதாகும்.

ஒரே நாளில் முடிக்க முயல வேண்டாம். முதல் நாள் நுனியையும் ஜன்னல்களையும் முரட்டு அளவில் திறந்து, ஏதோ ஒரு குரோ வந்தவுடன் கீழே வைத்துவிடுங்கள். இரண்டாம் நாள் நனைத்தால் இதழ்கள் வேறு விதமாகத் திறந்திருக்கும். அப்போது ஹார்ட்டின் இரு பக்கங்களையும் சமன் செய்யுங்கள். ஓரங்களையும் நுனியையும் மூன்றாம் நாளுக்கு விடுங்கள். ஒவ்வொரு முறையும் கத்தியைத் தொடுவதற்கு முன் ஸ்டேபிளின் அடித்துளையை விரலால் அடைத்துக்கொண்டு ஊதிப் பாருங்கள். பக்கவாட்டில் காற்று கசிந்தால் எந்தச் சீவலும் உதவாது. நூலுக்கு மேலே மெல்லிய பிளாஸ்டிக் படலத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி சோதியுங்கள். கசியும் சீவாளியைச் சீவிச் சீவியே கொன்றவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒரு விஷயத்தில் பதில் 2 எழுதியவரோடு எனக்கு உடன்பாடில்லை. டபிள்யூ சீவலை நடுவழி என்று சொல்லலாம், ஆனால் அது நீள்சீவலைக் கற்பதற்கான படிக்கட்டு ஆகாது. அங்கே நுனிக்கும் ஹார்ட்டுக்கும் இடையிலான படி இல்லை. ஆகவே கேட்டவர் கற்க வேண்டிய மிகக் கடினமான வேலையை அது கற்றுத்தராது. நாதம் பிடித்திருந்தால் செய்யட்டும். பயிற்சி என்று நினைத்துச் செய்ய வேண்டாம்.

பதில் 2 எழுதியவரிடமிருந்து

அது நியாயமான திருத்தம். கையின் பயிற்சிக்காக நான் அதைச் சொல்லவில்லை. பின்பகுதியில் கொஞ்சம் நாணலை எடுத்தால் காதுக்கு என்ன நேர்கிறது என்பதைப் பழக்கப்பட்ட கட்டிலேயே கேட்டுப் பார்க்கட்டும் என்றுதான் சொன்னேன். அந்த அளவுக்கு அதில் பயன் உண்டு என்று இப்போதும் நினைக்கிறேன்.

கேட்டவர், ஐந்து வாரங்களுக்குப் பிறகு

தாமதத்துக்கு மன்னிக்கவும். சொல்வதற்கு ஏதாவது சேரட்டும் என்று காத்திருந்தேன்.

மீதமிருந்த ஏழு கட்டுகளில் ஐந்தைப் பழைய முறையிலேயே முடித்தேன். இரண்டை டபிள்யூவாகச் சீவினேன். முதலாவதில் பக்கங்களை 2 மில்லிமீட்டர் இறக்கியவுடன் கீழ் டியும் சியும் முன்பைவிட எளிதாகத் தொடங்கின. மெல்ல ஊதினாலும் திக்கவில்லை. அந்த ஆசையில் இரண்டாவதில் 4 மில்லிமீட்டர் வரை இறங்கினேன். பழைய ஐந்து சீவாளிகளில் கேட்ட அதே தளர்ச்சி திரும்பி வந்தது. 7.2 அகலத்தில் அந்தக் கட்டு எவ்வளவு தாங்கும் என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

6.8 அச்சு வந்த பிறகு எட்டு கட்டினேன். முதல் மூன்று, ஓரம் போனதால் வீண். விரலில் உருட்டிக்கொண்டு சீவ வேண்டும் என்று எழுதியிருந்ததை நான் படித்திருந்தும், கை பழைய வழக்கப்படி இதழைத் தட்டையாகவே பிடித்துக்கொண்டிருந்தது. நான்காவதிலிருந்து ஓரங்களிலும் நடுத்தண்டிலும் பென்சிலால் கோடிட்டுக்கொண்டு, அந்தக் கோடு அழிந்தால் நிறுத்திவிடுவது என்று வைத்துக்கொண்டேன். நான்காவதும் ஐந்தாவதும் சுமாராக வந்தன. ஆறாவதைப் பற்றி மட்டும் விரிவாக எழுத வேண்டும்.

மூன்றாம் நாள் மாலை அது 70.5 மில்லிமீட்டரில் இருந்தது. குரோ பி ஃபிளாட்டுக்கும் சிக்கும் நடுவில், ஒரே கரகரப்பாக வந்தது. கால் மில்லிமீட்டர் நறுக்கினேன், எதிர்பார்த்தபடியே கடுமையானது. படியைப் பின்னுக்குத் தள்ளி, மூலைகளை நோக்கி ஒவ்வொரு பக்கமும் ஆறேழு இழுப்புகள் கொடுத்தேன். மறுபடி கால் மில்லிமீட்டர், மறுபடி மூலைகள். அதன்பின் ஊதியபோது அதுவரை ஒரே கரகரப்பாக இருந்த சத்தம் இரண்டாகப் பிரிந்தது: மேலே ஒரு சி, கீழே ஒரு சி, இரண்டுக்கும் நடுவே எந்த இரைச்சலும் இல்லை. டியூனரை வைத்துப் பார்க்கத் தோன்றவே இல்லை, காதுக்கே தெரிந்தது. ஓபோவில் பொருத்தி இரண்டாம் ஸ்தாயி ஜியை நீட்டிப் பிடித்து, மூச்சைக் குறைத்துக்கொண்டே வந்தேன். ஒலி சிறுத்தது, சுருதி இறங்கவில்லை.

மறுநாள் அதை ஆசிரியரிடம் எடுத்துச் சென்றேன். அவர் ஊதியபோது சரியான சுருதியில் நின்றது. நான் ஊதியபோது ஏறிவிட்டது. பதில் 2 எழுதியவர் எச்சரித்தது அப்படியே நடந்தது. சீவாளியைத் தொட வேண்டாம் என்று சொல்லி, இரண்டு வாரங்கள் தினமும் நீண்ட ஸ்வரங்களை மட்டும், உதட்டின் மூலைகளை உள்ளே இழுத்துக்கொண்டு தாடையைத் தளர்த்தி ஊதும்படி சொல்லியிருக்கிறார். நான்கு ஆண்டுப் பிடிப்பு எளிதில் விடுவதாக இல்லை; பத்து நிமிடங்களில் கீழுதடு தானாகவே ஏறிக் கடிக்கத் தொடங்குகிறது.

குறுஞ்சீவலைக் கைவிட எனக்கு மனமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தனி வாசிப்பில் ஒரு நீண்ட சொற்றொடரின் நடுவே நாதத்தைத் திருப்ப நினைக்கும்போது அந்த ஐந்து சீவாளிகளையே கை தேடுகிறது. ஆனால் இரண்டையும் ஒரே வாரத்தில் மாற்றி மாற்றி வாசித்தால் உதடு குழம்பிப்போகிறது. இரண்டு முறைகளிலும் சீவுவதாக எழுதிய நண்பர், தாம் வாசிக்கும்போது இரண்டையும் எப்படிப் பிரித்துக்கொள்கிறார் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 3 எழுதியவரிடமிருந்து

ஆறாவதைப் பற்றிப் படித்து மிகவும் மகிழ்ந்தேன். நான் இரண்டையும் சீவுகிறேன், சோதிப்பதற்காக இரண்டையும் ஊதுகிறேன். ஆனால் மேடையில் வாசிப்பது நீள்சீவல் மட்டுமே. உங்கள் உதடு புதிய பிடிப்பில் ஒரு மணி நேரம் கடிக்காமல் நிற்கும் வரை அந்த ஐந்தையும் நன்கு உலர வைத்துப் பெட்டியில் மூடி வைத்துவிடுங்கள். நன்றாகச் செய்த சீவாளி பூஞ்சை பிடிக்காமல் இருந்தால் சில மாதங்கள் தாராளமாகக் காத்திருக்கும். திரும்ப எடுக்கும்போது நீரில் சற்று அதிக நேரம் ஊறவிட்டு, திறப்பைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.